வேப்பிலை கட்டிய காய்ச்சல்

மருந்து கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. ஐந்தாம் நாள் ஜெசியின் உடம்பெங்கும் செந்தடிப்பு வந்தது. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. டவுன் சிண்ட்ரோமுடன் (செல்களில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) பிறந்தவள். பிழைக்க வந்த இடமான ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குக் கார் தொழிற்சாலையில் வேலை; ஓவர்டைம் இல்லாத நாளே கிடையாது.

தடிப்பைப் பார்த்ததும் வீட்டுக்கார அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அம்மா வந்துகீது. ஊசி, மாத்திரை எதுவும் வாணாம். அவளே எறங்கிடுவா."

அம்மை என்றால் வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஊரில் எங்களுக்கு உறவென்று இருந்தது அவர் ஒருவர்தான். இளநீர் வாங்கி வந்து ஜெசிக்கு ஸ்பூனில் ஊட்டியவரும் அவர்தான்.

என் எரிச்சல் வேறிடத்தில். அதற்கு முன் காட்டிய டாக்டர், சிவந்த கண், வெடித்த உதடு, வீங்கிய கை எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு அப்படித்தானாம். சளி பிடித்தால் அப்படித்தான், நடக்கத் தாமதமானால் அப்படித்தான். அவள் பிறந்ததிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஜெசி யாரைக் கண்டாலும் கை கொடுப்பவள். காய்கறிக்காரரைக்கூடக் கை குலுக்காமல் விடமாட்டாள். அன்று அவள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கை நீட்டியபோது, தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். தொட்டால் வலியில் அழுதாள். இனி இங்கே வைத்திருக்க முடியாது என்று கிளம்பினோம்.

அக்கா வாசல் வரை கூடவே வந்தார். பிறகு, "நீ இட்டுகினு போ. ஆத்தா கோச்சுக்கினா நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

சென்னையில் குழந்தைகள் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அது ஜெசிக்குக் கைவந்த கலை.

"நாக்கு எப்பவும் வெளியதான் இருக்கும் டாக்டர். ஆனா இந்தச் செவப்பு இவளுக்கு இருந்ததே இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பீளை கட்டாமல் சிவந்த கண், கழுத்தில் நெறிகட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கவாசாகி நோய் (குழந்தைகளின் ரத்தக் குழாய்கள் அழற்சியில் வீங்குவது) என்றார். பைக் பேர் மாதிரி இருக்கே என்று கணவர் முணுமுணுத்தார். எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) கரோனரி குழாய் (இதயத்துக்கே ரத்தம் தருவது) ஒன்று புடைத்திருந்தது. தாமதித்தால் புடைப்பு பெருகும், அடைத்துக்கொள்ளவும் கூடும் என்றார்.

இம்யூனோகுளோபுலின் (பலர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் நோய் எதிர்ப்பு மருந்து) சொட்டுச் சொட்டாக ஏறியது. காய்ச்சல் இறங்கியது. ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பினார்கள். வீடு வந்த பின், டாக்டர் முன்பே சொன்னபடி, விரல் நுனித் தோல் உரிந்தது. ஜெசி அதை ஊதி விளையாடினாள்.

இதே போன்ற குழந்தை உங்கள் வீட்டிலும் இருந்தால், விடாத காய்ச்சலுக்கு "அப்படித்தான்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். உங்கள் பிள்ளை எப்போதும் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை வாய் திறந்து சொல்லுங்கள்.

அவள் பிறந்த அன்றிலிருந்து எல்லோரும் அவள் ஆயுளைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். நானும் அடுத்த கிறிஸ்துமஸைத் தாண்டி யோசித்ததில்லை.

மறு பரிசோதனையில், புடைப்பு சுருங்கி வருவதாக டாக்டர் சொன்னார். "ஆனா விட்டுடாதீங்க. வருஷா வருஷம் காட்டணும். பெரியவளாகி வேலைக்குப் போனாலும், லீவு போட்டுட்டு வரணும்."

ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியா என்று கணவர் கலங்கினார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. என் மகள் பெரியவளாவாள் என்று அதுவரை ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை.