பெயர் போடாத இதயம்

எனக்குப் பெண் பேசி முடித்தபோது நான் ஜெர்மனியில், பான் நகரத்து அகதிகள் விடுதியில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் சாதகம் பொருந்திவிட்டது. என் படம் அங்கே போய், அவள் படம் இங்கே வந்தது. அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுதிக் கேட்கலாம்தான். ஆனால் நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவள் உயர்தர வகுப்பு வரை படித்தவள். முதல் வரியிலேயே பிழை பிடித்துவிடுவாளே!

அப்போதுதான் ஆற்றங்கரைப் பழஞ்சாமான் சந்தையில் அந்த அட்டையைக் கண்டேன். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துச் சாமான். ஓரமெல்லாம் லேஸ் மாதிரி வெட்டிய காகிதம். நடுவில் பூக்களால் ஓர் இதயம். என் அறையில் இருந்த அண்ணைக்கு ஜெர்மன் தெரியும். விற்றவளிடம் விசாரித்துச் சொன்னார்.

“அந்தக் காலத்தில பெடியள் மாசி மாசத்தில இதை விரும்பின பெட்டைக்கு அனுப்புவினமாம். பேர் போடக் கூடாதாம். ஆரெண்டு அவளே கண்டுபிடிக்க வேணுமாம்.”

“ஒண்டுமே எழுதத் தேவையில்லையோ, அண்ணை?”

“ஓமடாப்பா. உனக்கெண்டே செய்த வழக்கம்.”

வெள்ளைக்காரனை அன்றுதான் மனதார மெச்சினேன். உறையில் விலாசத்தையும் அண்ணையே எழுதினார். என் எழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான், அந்த வீட்டில் கடிதம் உடைப்பவர் தகப்பன் என்பதற்கு மட்டும் கவலைப்படவில்லை.

அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஜெர்மனியிலிருந்து எவனோ ஒரு காவாலி மகளுக்கு இதயம் அனுப்பியிருக்கிறானாம். பெயர் போடக்கூடத் துணிவில்லாதவனாம். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, சம்பந்தத்தைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று மன்றாடியிருந்தார்.

அந்தக் காவாலி நான்தான் என்று என் கையாலேயே, பிழைகளோடு, எழுதிப் போட்டேன். அவர் உறையில் இருந்த எழுத்தையும் என் எழுத்தையும் ஒத்துப் பார்த்திருக்கிறார்; இரண்டும் வேறு. மகளின் மானம் காக்கப் பழியைத் தலையில் சுமந்த பெருந்தன்மைக்கு நன்றி என்று பதில் வந்தது. ஊர் கதைக்கமுன்னம் அவளை விமானமும் ஏற்றிவிட்டார்.

வந்து இறங்கியவள் தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை.

“இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த அட்டை ஆர் அனுப்பினது? நல்ல வடிவு.”

“நான்தான்.”

“சும்மா இருங்கோ. என்ர முகத்தைப் பார்க்கவே உங்களுக்குப் பயம்.”

சாட்சிக்கு அண்ணையைக் கூப்பிட்டேன். விலாசம் எழுதியது தான்தான் என்று அவர் பெருமையோடு சொன்னார். அவள் அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

அடுத்த கிழமையே நான் வேறு வீடு தேடத் தொடங்கினேன்.