அடுத்த நிரையின் பை

குன்னூருக்குக் கீழே நாங்கள் இருந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பத்து வருஷம் தொடர்ந்து, கிறிஸ்துமஸ் சமயத்தில், முதல் எடைக்காரி என்று துரை கையால் பரிசு வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் இருந்த எவர்சில்வர் குடம், பிளாஸ்க், கம்பளி எல்லாம் அப்படி வந்ததுதான்.

கோயிலிலும் எனக்குக் குறைச்சல் இல்லை. எட்டாவது வரை படித்தவள் என்பதால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை என்னிடம்தான் விட்டிருந்தார்கள். அறுப்பின் பண்டிகை வந்தால் என் கூடைதான் பெரிய கூடை. எஸ்டேட்காரர்கள் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டு மேரக்காய், அதாவது சௌசௌ, வளர்த்திருந்தேன். முத்தி, நுனியில் முளைவிடத் தொடங்கிய காய்களாகப் பார்த்துப் பறித்து, முளை தெரியாமல் கவிழ்த்து அடுக்கிக் கொண்டுபோய் பலிபீடத்துக்கு முன்னால் வைப்பேன். பிஞ்சுக் காய் வீட்டுக் குழம்புக்கு. கர்த்தர் இளசு, முத்தல் எல்லாம் பார்க்கமாட்டார் என்று நானே முடிவு செய்திருந்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பார். அவர் ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். முத்தல் இலை எது என்று இருட்டில் தொட்டே சொல்லக்கூடியவர்.

அந்த வருஷம் எங்கள் லைனின் கடைசி வீட்டுக்கு ஒருத்தி குடிவந்தாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். புருஷன் வந்த இடத்தில் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. டெம்பரரியாகத்தான் வேலை கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காக எடை காட்டினால் பெர்மனென்ட், அந்த வீடும் அவளுக்கே. காட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக அவளுக்கு வேறு இடம் இல்லை. இது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் அவளுக்கும் வந்த முதல் வாரமே சண்டை. பைப்பில் தண்ணீர் வருவது காலையில் அரை மணி நேரம். நான் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க வந்த இடைவெளியில், அதை நகர்த்தி வைத்துவிட்டு அவள் பிடித்துக்கொண்டாள். நான் கேட்ட கேள்வியில் எட்டு வீட்டுக் கதவும் திறந்தது. அவள் பாட்டுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் மேஸ்திரி பிரித்துக் கொடுத்ததில் அவளுக்கு என் பக்கத்து நிரை. தேயிலைச் செடி வரிசையைத்தான் நிரை என்போம். நாள் முழுக்க ஒரு செடி அகலத்துக்கு அப்பால் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு பறித்தோம்.

மழை பிடித்த ஒரு நாள் அவள் சரிவில் வழுக்கி விழுந்தாள். வலது கையை ஊன்றிவிட்டாள். மறுநாள் வேலைக்கு வந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றி, அது தெரியாமல் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டிருந்தாள். துணி போன பிறகும் அந்த விரல்கள் சரியாக மடங்கவில்லை. இடது கையால் கிள்ளுவாள், வலது கையை மேஸ்திரி பார்க்கும்போது மட்டும் செடிமேல் அலையவிடுவாள். கை கெட்டது என்று ஆபீசுக்குத் தெரிந்தால் அன்றே பேரை எடுத்துவிடுவார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து நிரையில் நின்ற எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பாடம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஒரு நல்ல சமாரியன் தூக்கிக் காப்பாற்றிய கதை. வருஷா வருஷம் சொல்லும் கதைதான். குருடர் போல் விலகிப் போனவர்களைப் பற்றி நான் குரலை உயர்த்திச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அன்றைக்கு அந்த இடம் வந்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. கர்த்தர்மேல் எரிச்சல்கூட வந்தது. அவனைத் தூக்கிக் கொண்டுபோனவனுக்கு அவனோடு பைப்படிச் சண்டை இருந்ததாக எங்கேயும் எழுதவில்லையே என்று மனதுக்குள் வாதாடினேன். வாதம் எடுபடவில்லை.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். பத்து மணி டீக்கு எல்லோரும் மரத்தடிக்குப் போவார்கள். பைகள் நிரை முனையில் கிடக்கும். நான் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் பின்தங்கி, என் பையிலிருந்து இரண்டு மூன்று கை அள்ளி அவள் பையில் போட்டுவிட்டு வருவேன். சாயங்காலமும் ஒரு தடவை. அப்படியும் என் எடை குறையவில்லை. முன்பைவிட வேகமாகப் பறித்தேன். பார்த்தீரா ஆண்டவரே என்று உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வேறு.

அவளோ ஒன்றும் தெரியாதவள் போல இருந்தாள். பை கனத்தது தெரியாமலா இருக்கும்? ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, எதுவும் கிடையாது. போதாததற்கு எடை போடும் கொட்டகைக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு, கடைசி ஆளாக ஆடி அசைந்து வருவாள். திமிர் என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் எஸ்டேட் கணக்கும் பேரும் எழுதும் ரைட்டரே கொட்டகைக்கு வந்து நின்றார். இலைத் தரம் கெட்டுவிட்டது என்று ஃபேக்டரியிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்களாம். ஒவ்வொரு பையாகக் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். என் பையில் கை விட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். என் இலையில் யாரும் குறை சொன்னதில்லை. கடைசியாக அவள் வந்தாள். அவள் பைக்குள் முழங்கை வரை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்தார். அவ்வளவும் முத்தல். காம்பும் கரட்டு இலையுமாக, உடைத்தால் சத்தம் கேட்கும் போலிருந்தது.

"இதெ ஆடு திங்குமா? சொல்லும்மா, திங்குமா?" என்று பையைத் தரையில் கவிழ்த்தார். "இன்னைக்கு உனக்கு அரைப்பேர்தான். அந்தக் கையும் எனக்குச் சரியாப் படல. நாளைக்கு பெரட்டு முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயிக் காட்டிப்போட்டு வா. டாக்டர் எழுதிக் குடுத்தா பாக்கலாம்."

அரைப்பேர் என்றால் பாதி நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். அது போகட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தக் கையை மறைக்க முடியாது.

அவள் ரைட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு குனிந்து, சிந்தியதை இடது கையால் கூட்டி அள்ள ஆரம்பித்தாள்.

அது என் இலை. அவளால் ஒரு நாளைக்குப் பறிக்க முடிந்தது கொஞ்சம்தான், அதில் ஒரு முத்தல் இருக்காது. நான் அவள் பையில் போட்டதை ஒரு தடவையாவது பார்த்தேனா? பார்த்தேன். பார்த்துத்தான் போட்டேன். வேகமாகப் பறித்தபோது கையோடு வந்த கழிவையெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கி, அதோடு கண்துடைப்புக்குக் கொஞ்சம் கொழுந்தையும் சேர்த்து அவளுக்குத் தள்ளினேன். என் பை சுத்தமாக இருந்ததன் ரகசியமே அதுதான். அங்கேயே சொல்லியிருக்கலாம். பத்து வருஷப் பரிசு தடுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கோயிலுக்கு மேரக்காய் குடுக்கற மாதிரியே குடுத்திருக்கற புள்ள."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏனுங்க, சிரிக்கறதுக்கு இதா நேரம்?" என்று தட்டை டங்கென்று வைத்தேன். அவர் சொன்னது சரி என்பதால் வந்த ஆத்திரம் அது.

காலையில் பெரட்டு. ஆளை எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடம். பனி இன்னும் விலகவில்லை. அவள் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். ரைட்டர் நோட்டைத் திறக்கும் முன் நான் முன்னால் போனேன்.

"நேத்து அந்தப் பையில கிடந்த முத்தல் என்னோடதுங்க. நாந்தான் கலந்தேன்."

"எதுக்கு?"

உண்மைக் காரணத்தைச் சொன்னால் அவள் கையையும் சொல்ல வேண்டும். அது ராத்திரியே எனக்குத் தெரிந்திருந்தது.

"எங்களுக்குள்ள பைப்புல சண்டைங்க. அல்லாருக்கும் தெரியுமுங்க."

இரண்டும் நடந்ததுதான். கலந்தேன், சண்டையும் உண்டு. நடுவில் விட்டதை அவரவர் நிரப்பிக்கொண்டார்கள். யாருக்கும் சந்தேகமே வரவில்லை, என் வாய்க்கு அப்படியொரு நல்ல பேர். ரைட்டர் காறித் துப்பாத குறை. அவளுக்கு அரைப்பேரை முழுப்பேராகத் திருத்தினார். இலை கெட்டதற்குக் காரணம் கிடைத்துவிட்டதால் ஆஸ்பத்திரி என்ற பேச்சும் நின்றுபோனது. எனக்கு மூன்று நாள் வேலை கிடையாது. அந்த வருஷப் பரிசிலும் என் பேர் இல்லை.

ரைட்டர் எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. அனாதைப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதா என்று என் வகுப்பை வேறு ஒருத்தியிடம் கொடுத்தார்கள். வலித்தது, பொய் சொல்லமாட்டேன். முதல் ஞாயிறு அந்த வகுப்பிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டபோது எழுந்து வெளியே போய் அழுதேன். ஆனாலும் திரும்பிப்போய் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் நான் நிச்சயமாகச் சரியாகச் செய்த காரியங்களை எண்ணச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மேஸ்திரி என்னை அவள் பக்கத்திலிருந்து தூக்கி நாலு நிரை தள்ளிப் போட்டார். இனி அவள் பைக்கு என் கை எட்டாது. அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி. வேறு வழியில்லாமல் இடையிலிருந்த மூன்று பெண்களிடமும் நடந்ததைச் சொன்னேன். என் வாயால் நானே என்னைக் கேவலப்படுத்திக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஒருத்தி மாதா கோயிலுக்குப் போகிறவள், மற்ற இருவரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். "இதெ மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று மட்டும் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் பறித்ததில் முதல் கொழுந்து, ரெண்டு இலை ஒரு மொட்டு, கை மாறி நிரை மாறி அவள் பைக்குப் போனது. ஒவ்வொருத்தியும் தன் பங்குக்கு ஒரு பிடி சேர்த்தாள். என் எடை இறங்கியது. கிறிஸ்துமஸுக்கு பிரஷர் குக்கர் கொடுத்தார்கள், கீழ் லைன்காரி வாங்கினாள். அந்தக் குக்கர்மேல் எனக்கு ஆசை இருந்தது.

பெர்மனென்ட் பட்டியலில் அவள் பேர் வந்த அன்று மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முதல் தடவையாக. உள்ளே வரச் சொன்னேன். உட்காராமல் என் கையைப் பிடித்தாள். மடங்காத அந்த விரல்கள் என் மணிக்கட்டில் சில்லென்று இருந்தன.

"அக்கா, ஒங்க எலைன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? அன்னைக்கு மட்டும் எப்படி மாட்டுன?"

"தெனமும் மடுவத்துக்கு வர முன்ன பாதையில ஒக்காந்து முத்தல பொறுக்கிப் போட்டுட்டுத்தான் வருவேன். நல்லதும் கலந்துதானே இருக்கும். அன்னைக்கு கை மிச்சம் வலி அக்கா. பொறுக்க ஏலல."

மடுவம் என்று அவள் சொன்னது எடைக் கொட்டகையை. அவள் கடைசி ஆளாக வந்ததெல்லாம் அதற்குத்தான். மூன்று வாரம், மடங்காத விரல்களோடு, என் தர்மத்திலிருந்து கழிவைப் பொறுக்கியிருக்கிறாள்.

"ஏம் புள்ள, குடுக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சண்டைக்காரிக்குக் குடுக்க ஒங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்? அத எப்படிக்கா வேணாங்கிறது?"

பின்கட்டுக்குப் போய்ப் பந்தலுக்கு அடியில் நின்றேன். அந்த வாரம்தான் காய்த்திருந்த பிஞ்சுகள், முள் இன்னும் கடினப்படாதவை, ஆறு இருந்தன. ஆறையும் பறித்து அவள் மடியில் போட்டேன்.

அன்று எங்கள் வீட்டில் முத்தின மேரக்காய்க் குழம்பு. என் வீட்டுக்காரர் ஒரு வாய் மென்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.