சரியாத குவாரி

என் அண்ணன் சிரில் கிராட்டன் போன மாதம் இறந்தார். டெர்பிஷயரில் எங்கள் ஊர்க் கல்குவாரியில் ஆயுள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் வெட்டியவர். அவர் காலத்தில் பாறை ஒருமுறைகூடச் சரிந்ததில்லை, ஒரு உயிரும் போனதில்லை. அவர் பெருமையடித்துக்கொண்டது அந்த ஒன்றைப் பற்றித்தான்.

கோடையில் எங்கள் ஊர்க் கிணற்றை அலங்கரிப்போம். பலகையில் ஈரக் களிமண்ணை அப்பி, பூவிதழ்களை ஒட்டிப் படம் செய்து கிணற்றருகே நிறுத்துவது. ஒரு வருஷம் ஊரின் தொழில்களையே படமாக்குவதென்று முடிவானது. ஈயச் சுரங்கம் வெகு அழகாக வந்தது. குறை சொல்ல, அதில் வேலை பார்த்தவர் எவரும் உயிரோடில்லை. குவாரியை அண்ணன் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். சுண்ணாம்புப் பாறைக்காக வெளிறிய ஹைட்ரேஞ்சா பூவிதழ்களை மேலிருந்து ஒட்டத் தொடங்கினார்.

வருஷாவருஷம் பூ ஒட்டும் மேவிஸ் ஃபர்னஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏய்யா சிரில், ஓடு வேயுற மாதிரி கீழேர்ந்து மேல போய்யா. இல்லேன்னா மழைத்தண்ணி உள்ள பூந்துரும்."

"கீழேர்ந்து கை வச்சா தலையில விழும். குவாரின்னா மேலேர்ந்துதான்."

"இது குவாரி இல்லய்யா, பூவு!"

"உனக்குப் பூவு. நீ போய் உன் சுரங்கத்தப் பாரு தாயி."

அன்றிரவு மழை பெய்தது. காலையில் ஈயச் சுரங்கம் சிந்தாமல் சிதறாமல் இருந்தது. குவாரி மட்டும் வழுக்கிவந்து பலகையின் அடியில் குவிந்து கிடந்தது. திருத்த நேரமில்லை, பாதிரியார் கிணற்றை ஆசீர்வதிக்க வந்துவிட்டார், பின்னாலேயே ஷெஃபீல்டு நகரத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களின் பேருந்துகளும்.

"பாறை சரியுறத எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க பாருங்க!" என்று இறங்கியவர்கள் வியந்தார்கள்.

"பேசாம இரு சிரில்," என்று மேவிஸ் கிசுகிசுத்தாள். "பாராட்டுறாங்கல்ல, வாங்கிக்க."

அவர் பேசாமல் இருக்கவில்லை. கோட்டும் டையும் தொப்பியுமாகப் பலகையருகே நின்று, வந்தவர்களையெல்லாம் மறித்தார். "எங்க குவாரி சரிஞ்சதே இல்லீங்க. ஒருத்தர்கூட சாகலீங்க." கோபத்தில் குரல் நடுங்கியது.

அந்த நடுக்கம்தான் அவர்களுக்குக் கேட்டது. ஒரு அம்மாள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "வேண்டாங்க ஐயா. சொல்ல வேண்டாம். எங்களுக்குப் புரியுது."

அவள் பலகையடியில் ஒரு பூங்கொத்தை வைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள், சாகாத அத்தனை பேருக்காகவும் பூ குவிந்துவிட்டது. ஆண்கள் தொப்பியைக் கழற்றி மௌனமாக நின்றார்கள்.

அண்ணன் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தார். பிறகு அவரும் தொப்பியைக் கழற்றினார்.