பிளைண்டைத் திருப்பி எடுப்பதா, ஆடுவதா: காரைக்காலில் ஒரு ஞாயிறு

கல்லூரி நண்பன் நிஜார் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். போக்கர் ஆட உன்னையும் சேர்த்து ஆறு பேர், வா என்றான். போன ஞாயிறு காலை 7.10க்குக் கும்பகோணத்தில் பஸ் ஏறி, இரண்டு மணி நேரத்தில் காரைக்கால். பஸ் நிலையத்திலிருந்து தருமபுரத்தில் அவன் வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நூறு கேட்டார்கள், பேசிப் பாருங்கள்.

காசு வைத்து ஆடவில்லை, பிளாஸ்டிக் வில்லைகள்தான். என் வலப்பக்கம் மலர்விழி, அம்பகரத்தூர்க்காரர், பள்ளி ஆசிரியை. போக்கரில் சீட்டுப் பார்க்கும் முன்பே அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், முறை வைத்து, கட்டாயமாக வில்லை வைக்க வேண்டும். அதுதான் பிளைண்ட். மற்ற எல்லோரும் விலகிவிட்டால், அந்த இருவரும் ஆடாமலே அவரவர் வில்லையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இதைச் சாப் என்பார்கள்.

“நம்ம ரெண்டு பேர் மட்டும் மிஞ்சினா சாப் பண்ணிக்குவமா?” என்று முதலிலேயே கேட்டார் மலர்விழி. சரி என்றேன். இரண்டு முறை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது முறை எனக்கு ராஜா ஜோடி வந்தது, அதைவிடப் பெரிய ஜோடி ஏஸ் மட்டும்தான். மற்ற நால்வரும் விலகினார்கள். அவர் தன் வில்லையை எடுக்கக் கை நீட்டினார்.

“இத மட்டும் ஆடிப் பாப்போமே,” என்றேன்.

“சீட்டப் பாத்துட்டுச் சொல்றீங்களா?”

“சும்மாதாங்க.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். “போன தடவ எனக்கு ரெண்டு ஏஸ். ஒத்துக்கிட்டமேன்னுதான் பேசாம எடுத்துக்கிட்டேன்.” சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார். அவருடைய ஒற்றை வில்லை எனக்கு வந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நிஜார்தான் கேட்டான். “இனிமே என்ன செய்யப் போறீங்க? இப்பவே சொல்லிடுங்க.”

“ஆடுவோம்,” என்றார் மலர்விழி.

அதன்பின் எங்கள் இருவர் முறை வந்தபோதெல்லாம் பந்தயத்தை ஏற்றினார். நான் பெரும்பாலும் விலகினேன். மூன்று மணிக்கு என்னிடம் ஒரு வில்லையும் இல்லை.

சாப் செய்வதில் தவறில்லை, செய்யாததிலும் தவறில்லை. ஆனால் சீட்டு வரும் முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், எழுந்திருக்கும்வரை மாற்றாதீர்கள். திரும்புவதற்கு 4.30 பஸ் நல்லது, உட்கார இடம் கிடைக்கும்.

கிளம்பும்போது வாசலில் மலர்விழி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். “அப்ப சீட்டப் பாத்துட்டுத்தாங்க சொன்னேன்,” என்றேன்.

“தெரியும். அத அப்பவே சொல்லியிருந்தா, ஆடித் தோத்திருப்பேன்,” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.