முதல் லாரி எந்த ஊருக்கு என்று கேட்டவர்

எபினேசர் போன் செய்தபோது அதியமான்கோட்டையில் ஒரு பஞ்சர் கடை முன்னால் ஜீப்பை நிறுத்திவிட்டு நின்றிருந்தேன். "மாமா, மேடம் காலைல தவறிட்டாங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கும் பேச வரவில்லை, எனக்கும் வரவில்லை. எனக்குப் பேச வரவில்லை என்றால் இந்த வட்டாரத்தில் அது ஒரு செய்தி. டயரைக் கழற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "என்னங்கண்ணா, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார்.

பேராசிரியர் மங்கையர்க்கரசி அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறையில் பாடம் நடத்தினார். வெள்ளம், மண்சரிவு, வறட்சி என்று எது வந்தாலும் எங்கிருந்தோ உதவி வந்துவிடுகிறது. ஆனால் அது போகவேண்டிய இடத்துக்கு, போகவேண்டிய நேரத்தில் போகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்குப் பல்கலைக்கழகத்தில் நீளமான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். என்னிடம் மேடம் அதை ஒரே வரியில் சொன்னார். "மழை விட்டதும் மொத லாரி எந்த ஊருக்குப் போவணும்? அது தெரிஞ்சாப் போதும்ணா."

நான் அவருக்கு ஜீப் ஓட்டினேன். எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சை வரை படித்தவன். இருந்தாலும் ஆராய்ச்சி மாணவர்களை இத்தனை வருடம் ஏற்றி இறக்கியதில் நானும் முக்கால் டாக்டர் என்று சொல்லிக்கொள்வேன், யாரும் மறுத்ததில்லை. சித்தேரி மலைப்பாதையை என்னைப்போல ஓட்ட இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும். அரூரிலிருந்து மலை ஏறும் பஸ் டிரைவர்கள் வளைவில் என் ஜீப்பைக் கண்டால் ஹாரன் அடித்து வணக்கம் வைப்பார்கள். ஒதுங்கச் சொல்லித்தான் அடிக்கிறார்கள் என்பது எபினேசரின் கட்சி. அவர் மேடத்திடம் ஆராய்ச்சி செய்தவர், இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியர். இந்த நினைவு மலருக்கு நானும் எழுதவேண்டும் என்று கேட்டவரும் அவரே. "மாமா, உள்ளத உள்ளபடி எழுதுங்க" என்றார். எனக்கு வராத வேலையைத்தான் கேட்டிருக்கிறார்.

முதல் பயணத்திலேயே மேடம் என்னை அளந்துவிட்டார். மலை ஏறும்போது பாதையின் குறுக்கே ஒன்று பாய்ந்து போனது. "சிறுத்தை! யாரும் அசையாதீங்க" என்றேன். பின்னால் இருந்த மாணவர்கள் மூச்சுவிடவில்லை. மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வால் சுருண்டிருக்குதேண்ணா" என்றார்.

அன்றுமுதல் நான் எதைச் சொன்னாலும் மாணவர்கள் "வால் எப்படிங்க மாமா?" என்பார்கள்.

அந்த முறை நாங்கள் போன சிற்றூரில் முப்பதுக்குக் கொஞ்சம் கூடுதலாக வீடுகள். ஜீப் போகும் இடம் வரை போய், அங்கிருந்து நடக்கவேண்டும். சாமையும் கேழ்வரகும் விளைகிற ஊர். மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினார்கள். அதில் ஒரு கேள்வி, மழையில் பாதை அடைபட்டால் வீட்டில் போதுமான உணவு இருக்கிறதா என்பது. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது. "இருக்குதுங்க. நீங்க மொதல்ல சாப்புடுங்க." கோவிந்தம்மாள் என்ற பெண்மணி வீட்டில் எங்கள் அத்தனை பேருக்கும் களி கிண்டிப் போட்டார். நான் மூன்று உருண்டை சாப்பிட்டேன். இவ்வளவு வளமான ஊரை நான் பார்த்ததே இல்லை என்று இறங்கும்போது மேடத்திடம் சொன்னேன். அவர் படிவங்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். பல்கலைக்கழகத்தில் அவற்றை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அந்த ஊருக்கு நேராக "உணவு போதுமானது" என்று வந்தது. பட்டியலில் அந்த ஊர் கடைசிக்குப் போய்விட்டது.

அதற்கு அடுத்த மழையில் மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்தது. கீழே சமவெளியிலும் ஏரிகள் உடைந்தன. நிவாரணம் அனுப்புகிறவர்கள் மேடத்தின் பட்டியலைக் கேட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் பொருட்கள் குவிந்து கிடந்தன. எந்த லாரி எங்கே என்று முடிவு செய்ய உட்கார்ந்திருந்தபோது, ஊர்களை நேரில் அறிந்தவன் என்று என்னையும் கேட்டார்கள். என் சகலை ஊரில் ஏரி உடைந்திருந்தது. எத்தனை பெரிய ஆட்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பூரிப்பில், "கழுத்தளவு தண்ணிங்க, ஜனங்க மொட்டை மாடியில நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் முழங்கால் அளவு. மொட்டை மாடியில் நின்றது சகலையின் ஆடுகள்.

முதல் லாரி அங்கே போனது. இரண்டாவதும் அந்தத் திசைக்கே போனது. சகலை ஊரில் பிஸ்கட் மிஞ்சி மாட்டுக்குப் போட்டார்கள். மலையில் அந்தச் சிற்றூருக்கு ஐந்தாம் நாள்தான் ஆள் போக முடிந்தது. ஜீப்பைச் சரிவுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தோம். மேடமும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கோவிந்தம்மாள் வீட்டில் குதிர் நிறையக் கேழ்வரகு இருந்தது. அடுப்பில் அதையே முழுசாக வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். மாவு மில் கீழே, சரிந்த பாதைக்கு அந்தப்பக்கம். வீட்டுத் திருகைக் கல் எப்போதோ உடைந்து வாசற்படிக் கல்லாகிவிட்டது. ஐந்து நாளாக முழுத் தானியத்தைத் தின்று அவருடைய சின்ன மகளுக்கு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், குழந்தை சுவரோரம் துணிபோலக் கிடந்தது.

மேடம் கேட்டார், "அன்னிக்கு இருக்குதுன்னு சொன்னீங்களேம்மா?"

"வூட்டுக்கு வந்தவங்ககிட்ட இல்லைன்னு எப்பிடிங்க சொல்றது?" என்றார் கோவிந்தம்மாள். "அதுவுமில்லாம பொய் சொல்லலீங்களே. இந்தா, குதிர்ல இருக்குதே."

"பொய் இல்லீங்க" என்று மேடம் ஒத்துக்கொண்டார். குதிருக்குள் கைவிட்டு ஒரு பிடி கேழ்வரகை அள்ளிப் பார்த்தவர், "கடைசியா எப்பங்க அரைச்சீங்க?" என்றார்.

"மழைக்கு முந்துன சந்தைக்குப் போனப்ப."

"உப்பு?"

"அதுவும் அன்னிக்கு வாங்குனதுதான். முந்தாநேத்து தீந்துபோச்சுங்க."

இருக்கிறதா என்றால் இருக்கிறது என்று சொன்ன அதே வாய், எப்போது என்று கேட்டதும் தயங்காமல் உள்ளதைச் சொன்னது. மேடம் தன் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

குழந்தையைக் கம்பளியில் தூளி கட்டி நான்கு பேர் மாறிமாறித் தூக்கி வந்தோம். நான் முழுத் தூரமும் தூக்கினேன் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் பாதித் தூரம் தூக்கியிருப்பேன். ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

பிறகு பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. எதனால் பட்டியல் தவறியது என்று விசாரித்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். மேடம் எழுந்து, "கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான்" என்று மட்டும் சொன்னார். கழுத்தளவு பற்றி ஒரு சொல் இல்லை. திரும்பி வரும் வழியில் தொப்பூர் தாண்டியதும் என்னால் முடியவில்லை. ஓரமாக நிறுத்தி உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ணா" என்றார். "நீங்க சொல்றத எப்பவும் பாதியா வெட்டித்தான் எழுதுவேன். அன்னிக்கு நாலுல ஒண்ணா வெட்டியிருக்கணும்." பிறகு ரொம்பக் களைத்த குரலில், "அவங்க மரியாதைக்குக் கொறச்சுச் சொல்றாங்க, நீங்க பாசத்துக்குக் கூட்டிச் சொல்றீங்க. நடுவுல நின்னு நான் என்னத்த எழுதட்டும்?" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகுதான் அந்த ஒரு பக்கப் படிவம் பிறந்தது. அதில் "இருக்கிறதா" என்ற கேள்வியே கிடையாது. கடைசியாக எப்போது அரைத்தீர்கள், கடைசியாக எந்தச் சந்தையில் உப்பு வாங்கினீர்கள், கடைசியாக யாரை எப்படித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். எல்லாமே நடந்ததைக் கேட்கும் கேள்விகள். யாருக்கும் அதில் தலைகுனிவு இல்லை. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு மலையில் ஒவ்வொரு ஊராகப் போனோம். எனக்கும் ஒரு விதி போட்டார். ஊருக்குள் வரலாம், களி சாப்பிடலாம், படிவம் நிரம்பும்வரை பேசக்கூடாது. முதல் நாள் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் இழுபறி. திட்டக் காலம் முடிந்தது என்று கடிதம் வந்தது. அவருடைய அறையை வேறு துறைக்குக் கொடுத்தார்கள். படிவக் கட்டுகள் மாடிப்படிக்குக் கீழே போயின. பல்கலைக்கழகத்தைக் குறை சொல்லவில்லை, அங்கேயும் இடநெருக்கடி. மேடம் விடுமுறை நாட்களில் வந்தார். மாணவர்கள் வேலைக்குப் போய்விட்டதால் பெரும்பாலும் நாங்கள் இருவர்தான். மலைப்பாதையில் வழக்கமாக ஜீப்பை நிறுத்தும் இடத்தில் ஒருநாள், இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஒவ்வொரு மழைக்கும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறோம்ணா. ஆபீசர் மாறிடறாங்க, ஃபாரம் மாறிடுது. மழை மட்டும் அதேதான்" என்றார். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, படிவக் கட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

எல்லா ஊரும் முடிந்து அந்தச் சிற்றூர் மட்டும் மிச்சம் நின்றது. கோவிந்தம்மாள் ஊர். வேறு யாரையாவது அனுப்பலாமே என்றால் கேட்கமாட்டார். "மொதத் தப்ப அங்கதான் பண்ணுனேன். நானே நடந்துபோய் எழுதுறேன்" என்பார். அதற்குள் அவர் உடம்பு நடக்கவிடாத நிலைக்கு வந்துவிட்டது. பார்க்கப் போனபோது கட்டிலில் படுத்தபடி சொன்னார், "பட்டியல்ல அந்த ஊருக்கு நேரா இன்னும் போதுமானதுன்னுதான் இருக்குதுண்ணா." தூக்கிக்கொண்டு போகிறேன் மேடம், தூளி கட்டத்தான் நமக்குத் தெரியுமே என்றேன். சிரித்தார். இருமலில் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

மாரண்டஹள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். பெரிய கூட்டம் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாலை வந்திருந்தது. நான் ஆயிரம் பேர் என்று ஊரில் சொல்லியிருப்பேன். இங்கே எழுதவில்லை. சேதி கேட்டதும் சித்தேரி மலையிலிருந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, மூன்று வண்டி மாறி, மத்தியானத்துக்கு மேல் கோவிந்தம்மாளும் அவர் ஊர்ப் பெண்கள் மூவரும் வந்து சேர்ந்தார்கள். வந்ததிலிருந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் முடிந்து மயானத்திலிருந்து திரும்பி வந்தோம். சாமியானாக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கோவிந்தம்மாள் எபினேசரிடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, எங்க ஊரு மட்டும் எழுதலீங்களாமே?"

"ஆமாங்கக்கா. வர்ற மழைக்குப் பட்டியல் இந்த வாரம் நிவாரணக்காரங்களுக்குப் போகுது. பழைய பதில்தான் இருக்குது."

"போதும்னா?"

"போதும்னுதான்."

கோவிந்தம்மாள் தலையை ஆட்டினார். "அந்தம்மா கடைசில அரிசியோட வந்தப்ப, என்னா வேணும்னு கேக்கலீங்க, எப்ப அரைச்சீங்கன்னுதான் கேட்டாங்க. அதனாலதான் சொல்ல முடிஞ்சுது" என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எழுதிக்கோங்க. நாலு பேரு இருக்கறம். ஊர்ல எந்த வூட்ல எப்ப அரைச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எபினேசர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். முதல் வீடு, இரண்டாவது வீடு என்று பெண்கள் நால்வரும் மாறிமாறிச் சொன்னார்கள். இவர்கள் வீட்டில் பத்து நாளாகிறது, அவர்கள் வீட்டில் அரைக்கவே இல்லை, வீட்டுக்காரர் கால் முறிந்து கிடக்கிறார், போன சந்தைக்கே போகவில்லை. ஒருவர் தவறாகச் சொன்னால் இன்னொருவர் திருத்தினார். அந்த ஊரைப் பற்றி எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சாமியானா ஆள் ஒருவர் வந்து நின்றார். மற்ற நாற்காலிகள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. "பெரியவரே, இந்த ஆறு சேரையும் குடுத்துட்டீங்கன்னா கெளம்பிருவோம்" என்று என்னிடம் கேட்டார்.

நான் கோவிந்தம்மாளைப் பார்த்தேன்.

"கொஞ்சம் இருங்க சாமி. இன்னும் ரெண்டு வூடு பாக்கி இருக்குது" என்றார் அவர்.

அந்த ஆள் வண்டியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.

மேடம், அந்த இரண்டு வீட்டையும் எழுதிவிட்டுத்தான் எழுந்தோம். போய் வாருங்கள்.