மூக்கு அக்கா சொன்னால் சரி

கிடங்கிலிருந்து 'டொப், டொப்' என்று இரண்டு தட்டு கேட்டது. சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே குரல் கொடுத்தார்.

"ரெண்டா?"

"காது என்ன அடகுக் கடையிலயா இருக்கு? ரெண்டுதான்!"

ஒரு தட்டு என்றால், கிடங்கில் மனைவி சோதித்த புல்கட்டு மாட்டுக்கு. இரண்டு என்றால் குதிரைக்கு. தட்டுச் சத்தமே வராவிட்டால் அது குப்பைமேட்டுக்கு. கிடங்கில் அவள் தட்ட, வெளியே அவர் வண்டியில் ஏற்ற, இருபது வருடத் தாம்பத்தியத்தில் பாதிப் பேச்சு இப்படித்தான் நடந்திருக்கிறது.

ஊரில் அவளுக்கு மூக்கு அக்கா என்று பெயர். சுற்றுவட்டாரத்து வயல்களில் விளையும் குதிரைமசால் என்ற தீவனப்புல், அறுபட்டுக் காய்ந்து கட்டாகி, அவள் கிடங்குக்குத்தான் வரும். ஒவ்வொரு கட்டிலும் வலது கையை முழங்கை வரை நுழைப்பாள். நடுவயிற்றிலிருந்து ஒரு பிடி உருவுவாள். கண்ணை மூடி, மூக்கருகே வைத்து, சாமி கும்பிடுகிறவள்போல ஒரு கணம் நிற்பாள்.

"மேல்பக்கம் சம்பந்தி வீட்டுப் பேச்சு மாதிரிங்க. நல்லாத்தான் இருக்கும். நடுவுலதான் உண்மை" என்பாள்.

அந்த வலது கை முழுக்கக் கீறல். இடது கை மட்டும் இன்னும் மணப்பெண்ணின் கை. தலையில் எப்போதும் இரண்டு உலர்ந்த இலைத் துணுக்கு ஒட்டியிருக்கும். பூ வைக்காத குறையை அவைதான் தீர்த்துவைத்தன.

கட்டோடு வரும் விவசாயிகள், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள்போல நகம் கடித்துக்கொண்டு நிற்பார்கள். "பனி உலர்றதுக்குள்ள கட்டிட்டியே தம்பி. உன் புல்லுக்கு வேர்க்குது பாரு" என்று ஒருவனைத் திருப்பி அனுப்பினால், அவன் மறுபேச்சுப் பேசமாட்டான். மூக்கு அக்கா சொன்னால் சரி. அவ்வளவுதான்.

"என்னையும் இவ மோந்து பாத்துத்தான் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னா" என்று வீட்டுக்காரர் மார்தட்டுவார்.

"அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்" என்பாள் அவள், பட்டென்று.

ஊர்க்கோடியில் இருக்கும் லாயத்தில் நாற்பது குதிரைகள். அவற்றுக்காகத்தான் இத்தனை வயலிலும் குதிரைமசால் விளைகிறது. சந்தையில் விலைபோகாத கோணல் கேரட்டுக்கும் அங்கே மவுசு உண்டு. குதிரைச் சாணமும் ஈர வைக்கோலும் காளான் கொட்டகைகளுக்குப் போகின்றன. செருப்புத் தைக்கிறவர் பாதி நாள் சேணம்தான் தைக்கிறார். "நாப்பது குதிர வயிறு நெறஞ்சாத்தான் நம்ம நானூறு பேர் வயிறு நெறையும்" என்று அவள் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. லாயத்து முதலாளி கொஞ்ச நாளாகவே, தொழிற்சாலையில் செய்து மூட்டையில் வரும் தீவனத்துக்கு மாறிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயம் பார்த்துத்தானா விதி அவள் வீட்டுக்குள் நுழைய வேண்டும்!

இரண்டு மாதத்துக்கு முன் அவள் காய்ச்சலில் படுத்தாள். ஒரு வாரத்தில் எழுந்துவிட்டாள். அதற்கடுத்த நாள் காலை, அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரருக்கே நெடி தொண்டையை அடைத்தது. ஓடிவந்து பார்த்தால், அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு அமைதியாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள் அவள்.

அவர் பாத்திரத்தை இறக்கி வைத்தார். அவள் திரும்பிக் கரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அடுப்ப ஒரு கண்ணு பாத்துக்கக் கூடாதா?" என்று அவர்மீதே பாய்ந்தாள். குரல்தான் பாய்ந்தது, கண் கெஞ்சியது. அவரும் "சரி, சரி, என் தப்புதான்" என்று சொல்லி, பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. கிடங்கில் மட்டும் அவள் கை முன்பைவிட அதிக நேரம் கட்டுக்குள் இருந்தது. நடுவில் சூடு தெரிந்தால் புழுங்குகிறது என்று கை சொல்லிவிடும். ஆனால் புழுங்கி, பூசணம் பிடித்து, ஆறியும் போன கட்டைக் கை என்ன கண்டுபிடிக்கும்?

இன்றைக்கு டீ ஆறுவதற்குள் கதவு தட்டப்பட்டது. லாயத்துக் குதிரைக்காரர். முப்பது வருடமாக அங்கேயே வேலை பார்ப்பவர். முகம் வீங்கியிருந்தது.

"செவலக் குதிர போயிடுச்சு அக்கா. நேத்து மத்தியானம். வயித்த முறுக்கி, உருண்டு உருண்டு... என் மடியிலதான் தலைய வச்சுது."

வீட்டுக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். குதிரைக்காரர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"ஒண்ணு தீவனம் கெட்டிருக்கணும், இல்ல ஓடி வந்த சூட்டுல தண்ணி காட்டியிருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். தீவனம்னா நாளையிலேருந்து மூட்டைத் தீவனம்தான், புல்லு வேணாம்ங்கறார் மொதலாளி. தண்ணின்னா நான் வீட்டுக்குப் போகணும். மூக்கு அக்காகிட்ட கேட்டுட்டு வான்னு அனுப்பினார். அது தின்ன தொட்டியிலேருந்து எடுத்தது. என் மூக்குதான் பொடி போட்டுப் போட்டுச் செத்துப்போச்சே. நீங்க மோந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

பொட்டலம் பிரிந்தது. நான்கடி தள்ளி நின்ற வீட்டுக்காரருக்கு அங்கேயே வந்துவிட்டது, மழைக்கால மூலையில் கிடந்த பழைய சாக்கின் நெடி. அவர் வாயைத் திறந்தார். கிடங்கின் கதவு வழியே, இரண்டு தட்டு வாங்கி அடுக்கியிருந்த கட்டுகள் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டார்.

அவள் அந்தப் பிடியை வாங்கினாள். கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். மார்பு ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தபோது, அவள் விரல் இடுக்கில் மாவுபோல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரல்களை மெல்ல மடக்கி மூடிக்கொண்டாள்.

"நல்ல புல்லுதான்" என்றாள்.

குதிரைக்காரர் வெறும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு தலையசைத்தார்.

"நீங்க சொன்னா சரிதான் அக்கா. எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. நல்லா ஆறட்டும்னு நின்னுட்டுத்தான் தண்ணி காட்டினேன். ஆறலபோல. முப்பது வருஷத்துல மொத தடவ... என் கையாலேயே கொன்னுட்டேன்."

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள் அவள். அந்தக் குரல் அவளுடையதாகவே இல்லை.

"வேணாம்மா. தொண்டையில எறங்காது." வாசலில் செருப்பைத் தேடி, இடதுகாலில் வலது செருப்பை மாட்டி, மறுபடி கழற்றி மாட்டினார். "வயலெல்லாம் தப்பிச்சுது. அது போதும். புல்லு கெட்டுப்போச்சுன்னு வந்திருந்தா எத்தன வீட்டுல உலை கொதிக்காது! நான் ஒருத்தன்தானே."

தெருவில் இறங்கி நடந்தார். வீட்டுக்காரர் அவர் திருப்பம் தாண்டும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டார். திரும்பியபோது அவள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். மூடியிருந்த வலது கையை உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அவருடைய மூக்கருகே நீட்டினாள்.