சண்டைக்கு மட்டும் அனுமதி

என் நைனாவும் அவருடைய அண்ணன் பெரியநைனாவும் ஒரு கிணற்றுக்காகப் பேச்சை விட்டவர்கள். ஊர் பாகாலாவுக்குப் பக்கம். வழக்கு திருப்பதி கோர்ட்டில். வாய்தா வந்தால் இருவரும் ஒரே ரயிலில் ஏறி வேறுவேறு பெட்டியில் போவார்கள். போகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பெரியநைனாவின் மகளோடு நானும் பேசக் கூடாதாம். பேசினால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்றார் நைனா. அவளுக்கும் அவள் வீட்டில் அதே உத்தரவு. சித்தூர் மிஷன் பள்ளி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. யாராவது போட்டுக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து ஊமைகளாகக் கிடந்தோம். அக்கா அக்கா என்று அவளோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்தவள் நான்.

அந்த வருஷம் பள்ளி விழாவுக்கு டீச்சரம்மா ஒரு நாடகம் எழுதினார். சொத்துக்காகப் பிரிந்த அண்ணனும் தம்பியும் கடைசியில் கட்டிக்கொண்டு அழுவார்கள். அண்ணன் வேஷம் அக்காவுக்கு, தம்பி வேஷம் எனக்கு. சேதி தெரிந்ததும் நைனா ரயிலேறி வந்துவிட்டார். டீச்சரம்மா கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. சண்டை போடட்டும், அந்தக் கடைசிக் காட்சி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு பெரியநைனா வந்து அதையே சொன்னார். அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். டீச்சரம்மா பாவம், காட்சியை வெட்டிவிட்டார்.

ஒத்திகை என்ற சாக்கில் அக்காவும் நானும் அன்று பேசினோம். சண்டைதானே வேண்டும் இவர்களுக்கு? நிஜச் சண்டையையே காட்டுவோம் என்று முடிவு செய்தோம்.

விழாவுக்கு இருவரும் வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கரியால் மீசை வரைந்துகொண்டு மேடையேறினோம். மீசையைப் பார்த்துச் சனம் சிரித்தது. டீச்சரம்மா எழுதிய வசனத்தை விட்டுவிட்டு, அக்கா தன் வீட்டில் கேட்டதை எடுத்துவிட்டாள்.

"நான் செத்தா ஒரு பிடி மண்ணு போடவும் நீ வராத."

எங்கள் வீட்டில் கேட்டதை நான் திருப்பிக் கொடுத்தேன். "வரமாட்டன். சேதி கேட்டுட்டு எல போட்டுத் துன்னுவன்."

சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் அந்த மூலையையும் இந்த மூலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

திரை விழுந்ததும் நைனா மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே பெரியநைனாவும் வந்து நின்றார்.

"யாருடி இத எழுதனது?" என்றார் நைனா.

பொய் சொல்லவா? அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீயும் பெரியநைனாவும்தான். படிப்ப நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோ நைனா. நான் எங்கக்காகிட்ட பேசுவன்."

நைனா கை ஓங்கினார். பெரியநைனா அந்தக் கையை எட்டிப் பிடித்தார்.

"வுடுடா. அது நாம பேசனதுதான்."

கிணற்று வழக்கு அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் அக்காவோடு பேசாதே என்று என்னிடம் சொல்ல அந்த இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.